துடக்குக்காரரின் உல்லாசப் பயணம்

முதலில் கேட்டது அலறல்தான். மானிப்பாயில் எங்கள் ஒழுங்கை முகப்பிலிருந்த சின்னக் கடை வாசலில், ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குனிந்து நின்ற எங்கள் தலைகளுக்கு நடுவிலிருந்து, ஒரு கூட்டம் உயிர்போகிற மாதிரிக் கத்துகிற சத்தம் கிளம்பியது. முன்வீட்டுச் சனம் கேற்றைத் திறந்துகொண்டு ஓடிவந்து "என்ன, ஆருக்கு என்ன?" என்று பதறிய பிறகுதான், அது கொழும்புக்கு அங்காலுள்ள பெரிய விளையாட்டுப் பூங்கா ஒன்றில் எடுத்த வீடியோ என்றும், கத்துகிறவர்கள் எல்லோரும் காசு கட்டி, வரிசையில் நின்று, ஆசைப்பட்டு ஏறித்தான் கத்துகிறார்கள் என்றும் விளங்கப்படுத்தினோம். தன்னுடைய ஓட்டோவில் சாய்ந்திருந்த அப்பா, "எங்களைக் கத்த வைக்க இவ்வளவு காலமும் ஒருத்தரும் காசு கேக்கேல்லையே" என்றார். பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. சண்டை முடிந்து சில வருடங்களாகியிருந்த காலம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியவர்கள் கத்தியது அவர்களோடு போகட்டும், எனக்கு நானே ஆசைப்பட்டுக் கத்துகிற கத்தல் ஒன்று வேண்டும் என்று அந்தக் கடை வாசலிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைப் பருவம் என்றால் பதுங்குகுழியையும் இடப்பெயர்வையும் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றை எழுத நிறையப் பேர் உண்டு. நான் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் போகத் திட்டம் போட்ட கதையைத்தான் எழுதப் போகிறேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம்.

தனியே ஒரு குடும்பமாகப் போய்வர எங்களுக்கு வசதியில்லை. ஒழுங்கை முழுவதும் சேர்ந்து ஒரு வாடகை வான் பிடித்தால்தான் கட்டுபடியாகும் என்பதால், அம்மா வீடு வீடாகப் போய்க் கதைத்துச் சனம் சேர்த்தா. பயணத்துக்குத் தலைமை ஏற்றவர் முன்வீட்டுக் கதிரேசு மாமா. கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதருக்கு, தூரப் பயணம் என்றால் கதிர்காமம் போவது மட்டும்தான் தெரியும். ஆகவே, குடலைப் பிரட்டுகிற வண்டியில் ஏறப்போகிற பயணத்தையும் அவர் கதிர்காமப் பயணம் போலவே ஒழுங்குபடுத்தினார். பஞ்சாங்கத்தைப் பார்த்து மரணயோகத்தையும் அட்டமி நவமியையும் தள்ளி ஒரு நாள் குறித்தார். வானுக்குள் "மச்சம்" கொண்டுவரக் கூடாது என்றார். அதாவது, மீனோ இறைச்சியோ வாடையே வரக் கூடாது. போகிற வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்க வீட்டுக்கு ஒரு தேங்காய் என்றும் சொல்லிவிட்டார். கண்டி வீதியால் தெற்கே போகிற எந்த வாகனமும் முறிகண்டியில் நின்று, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் போகும். அதை ஒருவரும் யோசித்துச் செய்வதில்லை, தன்பாட்டில் நடக்கும்.

எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, வேறு கவலை. குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளை அந்தப் பெரிய வண்டியில் ஏற்றமாட்டார்களாம். எங்கள் கேற்றுத் தூணில் அந்த உயரத்துக்கு அப்பா கரியால் ஒரு கோடு கீறிவிட்டார். என் தலை அதற்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. அதற்குப் பிறகு நான் பட்டபாடு கொஞ்சமல்ல. விடிந்தால் பொழுதுபட்டால் கொய்யாக் கொப்பில் தொங்கினேன், அம்மா தந்த முருங்கையிலைச் சுண்டலை மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன், நித்திரையில் காலை மடக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். "உப்பிடியே தொங்கினியெண்டால் கைதான் நீளும், பிள்ளை" என்று அப்பா பகிடி விட்டார். ஆனால் தினமும் தூணடியில் அடிமட்டத்தோடு வந்து நின்றவரும் அவர்தான். விடுமுறை தொடங்கியபோது என் தலை கோட்டைத் தொட்டுவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத "புளுகம்".

பயணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில் பக்கத்து வளவுப் பெரியப்பா செத்துப்போனார்.

பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர் அல்ல, அப்பாவுடைய பெரியதகப்பனின் மகன். நான் பிறப்பதற்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் எல்லை வேலியில் சண்டை. அவர் தன் பக்கத் தகரத்தை ஒரு அடி எங்கள் பக்கம் தள்ளி அடித்துவிட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை; அவருடைய வீட்டுக் கதை நேர்மாறாக இருந்திருக்கும். எங்கள் பந்து அவருடைய வளவுக்குள் விழுந்தால் திரும்பி வராது. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். தகர இடுக்கால் எப்போதாவது பெரியம்மாவின் முகம் தெரியும், அவவும் சிரிக்கமாட்டா, பயத்தில் பார்வையை எடுத்துவிடுவா. இப்படி இருந்தும் செத்தவீட்டன்று அப்பா போனார், பாடையும் தூக்கினார், திரும்பி வந்து கிணற்றடியில் முழுகும்போது நன்றாக அழுதார். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

எனக்கு விளங்கியதெல்லாம் துடக்கு என்ற ஒரே சொல்தான். தகப்பன் வழிச் சொந்தத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அந்தச் சொந்தம் முழுவதற்கும் துடக்கு என்கிற தீட்டு. கோயிலுக்குப் போகக் கூடாது, நல்லது கெட்டதில் முன்னுக்கு நிற்கக் கூடாது. கதைத்தவரோ கதைக்காதவரோ, இரத்தம் ஒன்றென்றால் துடக்கும் ஒன்றுதான்.

எட்டாம் நாள் செலவுச் சடங்குக்குப் பெரியப்பாவின் வீட்டில் சனம் கூடியது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. குருநகரிலிருந்து வந்த நண்டுக் கறியும் ஒரு சுருட்டும் அவருடைய படத்துக்கு முன்னால் இருந்தன. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றிவரும்போது, கதிரேசு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"குறை நினையாதையுங்கோ தம்பி" என்றார் அப்பாவிடம். "துடக்குக்காரரை வானிலை ஏத்திக்கொண்டு முறிகண்டியாரைத் தாண்டேலாது. நிண்டு கும்பிடவும் ஏலாது, நிக்காமல் போகவும் ஏலாது. சின்னஞ்சிறுசுகள் இருக்கிற வான். இந்தமுறை நீங்கள் நில்லுங்கோ."

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம் அண்ணை, அதுவும் சரிதான்" என்றார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நாங்கள் நின்றுவிட்டால் அடுத்த வருடம் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கதிரேசு மாமா வீட்டாருக்கு வெளிநாட்டு விசா வந்திருந்தது, இன்னும் இரண்டு குடும்பம் கொழும்புக்குக் குடிபோக இருந்தது, வான் பிடிக்க ஒழுங்கையில் ஆள் இராது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தண்ணீர்ச் செம்பும் கையுமாக நின்ற நான், அத்தனை பெரியவர்களுக்கும் நடுவில் வாயைத் திறந்துவிட்டேன்.

"அவர் எங்களோடை ஒருநாளும் கதைக்கேல்லையே! உயிரோடை இருக்கேக்கை சொந்தம் இல்லை, செத்தாப் பிறகு மட்டும் எங்களுக்கு என்னெண்டு துடக்கு வரும்?"

செத்தவீட்டில், படத்தில் போட்ட மாலை வாடுவதற்கு முன் அப்படிக் கேட்கலாமா? அம்மா என் தொடையில் கிள்ளினா. "வாய்க்கொழுப்பைப் பார்" என்று யாரோ சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறேன், நான் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

அதை முதலில் சொன்னது பெரியம்மா. துக்கம் காக்கிற பெண், உள்ளறையில் பாயில் இருக்க வேண்டியவ, வெள்ளைச் சீலையோடு எழும்பி வந்து ஆம்பிளைகள் இருந்த விறாந்தைக்கே வந்துவிட்டா.

"பிள்ளை கேட்டதிலை என்ன பிழை?" என்றா. "அந்த மனிசன் இருக்கேக்கையும் ஒருத்தரையும் ஒண்டுக்கும் விடேல்லை. இப்ப செத்தும் மறிக்கிறதோ? இடம்பெயர்ந்து ஓடின இடங்களை விட்டால், நான் ஆசைப்பட்டுப் போன இடமெண்டு ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம். ஒண்டும் இல்லை. இந்தப் பிள்ளை ரண்டு மாசமாய்க் கொய்யாவிலை தொங்கினதை நான் தகரத்துக்குள்ளாலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான். அவளும் என்னை மாதிரி இருந்து பாக்கோணுமோ?"

கதிரேசு மாமா, "இல்லைப் பிள்ளை, முறிகண்டியார்..." என்று இழுத்தார்.

"முறிகண்டியாலை போனாத்தானே முறிகண்டியார்? சங்குப்பிட்டிப் பாலத்தாலை ஏறிப் பூநகரிப் பக்கத்தாலை போங்கோ. அந்த றோட்டிலை அவர் இல்லை. வேற ஏதும் குற்றம் வந்தால் எனக்கு வரட்டும். எனக்கு இனி என்ன வரக் கிடக்கு?"

கடைசியில் கதிரேசு மாமாவின் மனைவி, "பூநகரியாலை போனால் கச்சான் கிடையாது, அவ்வளவுதானே" என்றா. அத்தோடு முடிவாகிவிட்டது. பெரியம்மா உள்ளே திரும்பிப் போகும்போது, என் தலையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனா. எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை.

நாங்கள் போனோம். துடக்கோடுதான் போனோம். மன்னார்ப் பக்கமாகச் சுற்றிப் போனதால் வழியில் தேத்தண்ணிக் கடை கூட இல்லை என்று கதிரேசு மாமா புத்தளம் வரைக்கும் புறுபுறுத்தார். அம்மாவின் புட்டுப் பொதிகளைப் பூங்கா வாசலில் மறித்த காவலாளியோடு அம்மா தமிழிலும் அவன் சிங்களத்திலும் சண்டை பிடித்தார்கள். பிறகு எல்லோருமாக வாசலுக்கு வெளியே மதில் நிழலில் குந்தியிருந்து புட்டைத் தின்றுவிட்டுத்தான் உள்ளே போனோம். உயரம் பார்க்கிற பெண் என்னைத் தடியோடு நிறுத்தி, தலையை அமத்திப் பார்த்துவிட்டு, போ என்று கை காட்டினாள். ஏறும்போது என்னோடு இருந்தது அப்பா. வண்டி உச்சியில் ஒரு கணம் நின்றது. கீழே விழத் தொடங்கியதும் நான் கத்தினேன், என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்தில், எல்லாவற்றுக்கும் பகிடி விடுகிற என் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு என்னைவிடப் பலமாகக் கத்தினார்.

வந்த அன்று நேரே தகர வேலியடிக்குத்தான் ஓடினேன். பெரியம்மா அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றா.

"நல்லாக் கத்தினனியே, பிள்ளை?"

"ஓம் பெரியம்மா. தொண்டை அடைச்சுப் போச்சு."

"ஆ... சொல்லு, முதலிலையிருந்து சொல்லு" என்று அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டா. அந்தியேட்டி முடிந்த பிறகு, அப்பாவும் அவவுமாக அந்த இடத்துத் தகரம் இரண்டைக் கழற்றி நாங்கள் போய்வர ஒரு "பொட்டு" வைத்தார்கள். என்னுடைய சோதனைப் படிப்பு, காய்ச்சல், கலியாணப் பேச்சு எல்லாம் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போய்வந்தன. ஒருமுறை அவவையும் எங்காவது கூட்டிப் போகக் கேட்டேன். "இனி என்னத்துக்கு, நீ போய்வந்து சொல்லு" என்றா. நானும் விடாமல் போய்வந்து சொன்னேன்.

இப்போது அந்த ஒழுங்கையில் ஆளில்லை. கதிரேசு மாமா வீட்டுக் கேற்றில் பூட்டுத் துருப்பிடித்துத் தொங்குகிறது, வேலி இருந்த இடத்தில் வளவை வாங்கிய யாரோ கட்டிய மதில் நிற்கிறது, நானும் கலியாணம் கட்டிச் சாவகச்சேரிக்கு வந்துவிட்டேன். போன வருடம் பெரியம்மா செத்துப்போனா. செத்தவீடு முடிந்து வந்த என்னிடம் மாமியார் நல்ல மனதோடுதான் சொன்னா: "கட்டிக் குடுத்த பிள்ளைக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு இல்லை, மோனை. தலைமுழுகிப்போட்டு வா, நாளைக்குக் கொடியேத்தம்." முறைப்படி அது சரிதான். அந்தக் கணக்குப்படி நான் இப்போது வேறு குடும்பம், அவவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.

நான் தலைமுழுகினேன், கோயிலுக்குப் போகவில்லை. தேருக்கும் போகவில்லை, தீர்த்தத்துக்கும் போகவில்லை. அந்தியேட்டி வரை முழுதாகக் காத்தேன். பட்டுச்சீலையோடு வந்து "என்ன, நீர் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று ஒரே பதிலைத்தான் சொன்னேன்:

"எங்கடை பெரியம்மா செத்துப்போனா. எனக்குத் துடக்கு."