புளியமரம்வரை போகாத கால்கள்

சபையாரே, நான் பயந்தவள். அதை மறைத்துவிட்டு இந்தச் சாட்சியை எழுத முடியாது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை தும்மினால் பயம், கதவு ஆடினால் பயம். இடி என்றால் கேட்கவே வேண்டாம். "ஒனக்கு இடி இடிச்சாலும் பயம், இடிக்காட்டி எப்ப இடிக்குமோன்னு பயம்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்தப் பயத்தை எடுத்துப்போடும் என்று எத்தனையோ வருஷம் ஜெபித்தேன். போகவில்லை.

உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமை. கீழக்குயில்குடியில் நாத்தனாரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரும் நானும் ஆறு வயது மகள் கிரேசும் மதுரைக்கு நடந்து வந்தோம். பிற்பகல். காற்று சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். சமணர் மலைக்கு மேலே வானம் கத்தரிக்காய் நிறத்தில் எழும்பி வந்தது. அத்தனை அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அத்தனை பயந்ததும் இல்லை.

முதலில் புழுதிக்காற்று. பின்னாலேயே ஆலங்கட்டி. செம்மண் முழுக்க மல்லிகையைக் கொட்டினாற்போல் வெள்ளை. மேலே விழுந்தாலோ கல்லடி. அந்த வெட்டவெளியில் ஒரே ஒரு புளியமரம். மூட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரர் அதன் கீழே ஓடி நின்று கத்தினார்.

"அடியே எஸ்தரு, புள்ளையத் தூக்கிட்டு ஓடியா! மண்ட ஒடஞ்சிரும்!"

மின்னல் வெட்டியது. என் கால் மடங்கியது. பாதையோரப் பள்ளத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கூடையைப் பிள்ளை தலையில் கவிழ்த்து, அவள்மேல் குனிந்துகொண்டேன். இடி இடித்ததும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அர்ச்சுனா! அர்ச்சுனா!" இடிக்கு எங்கள் தெருவே அப்படித்தான் கூப்பிடும், சிறுவயதுப் பழக்கம். ஆண்டவர் பேரை விட்டுவிட்டேனே, இனி என் ஜெபத்தைக் கேட்பாரா என்று அதற்கும் ஒரு பயம். "இயேசப்பா, பிள்ளையைக் காப்பாற்றும். அந்த மரம்வரை போக என் காலுக்குப் பெலன் தாரும்" என்று அழுதேன்.

கூடைக்குள்ளிருந்து கிரேஸ், "அம்மா, அழுகாத. அப்பா வாராரு" என்றாள்.

பெலன் வரவில்லை.

"இம்புட்டுத் தூரம் நடக்க மாட்டியா? இரு, ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போறேன்!" என்று திட்டிக்கொண்டே அவர் மூட்டையை மரத்தடியில் போட்டுவிட்டு வந்தார். என் கையைப் பிடித்தார். உலகமே வெள்ளையானது. சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. கண் திறந்தபோது புளியமரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து, மழையிலேயே புகைந்துகொண்டிருந்தது. மூட்டை கருகிக் கிடந்தது.

அவர் பள்ளத்தில் எங்களோடு உட்கார்ந்தார். மழை விடும்வரை பிடித்த என் கையை விடவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், அர்ச்சுனன் பேரைச் சொன்னதை உபதேசியாரிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "பேரு மாறிப்போச்சுன்னா என்னம்மா? பெத்தவருக்குப் புள்ள கொரலு தெரியாதா?"

என் பயம் இன்றும் போகவில்லை. ஆனால் வீட்டுக்காரர் கேலி செய்வதில்லை. இடி இடித்தால் கைவேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். மூன்று பேரும் ஜெபிக்கிறோம். அன்று பெலன் கேட்டேன், ஆண்டவர் தரவில்லை. தந்திருந்தால் மூன்று பேரும் அந்த மரத்தடியில் இருந்திருப்போம். தராமல் போனதற்காகவே தினமும் தோத்திரம் சொல்லுகிறேன்.

என்னைப்போலப் பயந்தவர்களே, பயம் போகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள்.