கேட்டால்தான் அவுட்

காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் பெரிய வாயாடி யாரென்று கேட்டால், எந்த ஆட்டோக்காரரும் நேரே கொண்டுவந்து கைலாசத்தின் முன்னால் இறக்கிவிடுவார். கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்தை மெத்தையில் உட்காரவைத்து, சம்பந்தி வீட்டு வம்பெல்லாம் கறந்துவிட்டுத்தான் மனிதர் முதல் புடவையையே பிரிப்பார். மனசில் ஒன்றும் முகத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. வாடிக்கையாளர் கையில் எடுத்த நிறம் இவருக்குப் பிடிக்கவில்லையா, முகம் சுண்டிப்போகும். முதலாளி திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

இப்பேர்ப்பட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாஃப்ட்பால் அம்பயர். சிரிக்காதீர்கள், முறையாகத் தேர்வு எழுதித் தேறியவர். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வேறு யார் வருவார்கள்? மொட்டை வெயிலில் மார்புக் கவசமும் கம்பி முகமூடியும் மாட்டிக்கொண்டு பந்து பிடிக்கிற கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்க வேண்டும். பக்கத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களின் பந்து நடுவில் வந்து விழும். பிள்ளைகளாவது பரவாயில்லை, பெற்றவர்கள் இருக்கிறார்களே, அப்பப்பா! "யோவ் அம்பயர், கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று ஞாயிற்றுக்கிழமை கத்திய அம்மாள், திங்கட்கிழமை கடைக்கு வந்து, "நல்ல அரக்கு கலரா காட்டுங்கண்ணா" என்பாள். இவரும் காட்டுவார்.

வசவு அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருப்பது. பந்தை அடித்த பெண் மைதானத்தைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடமான பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். ஓடுகிற பெண் வழியில் ஒவ்வொரு பேஸையும், அதாவது தரையில் வைத்திருக்கும் அந்த வெள்ளைத் திண்டை, மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். மிதிக்காமல் போனால் தப்பு. ஆனால் அம்பயர் அதைக் கண்ணால் பார்த்தாலும் தானாகச் சொல்லக் கூடாது. எதிரணி கேட்க வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இவள் இதை மிதிக்கவில்லை' என்று முறையிட்டால்தான் அவுட். கேட்காமல் மைதானத்தைவிட்டுப் போய்விட்டால் அந்த ரன் ரன்தான். சாடைகூடக் காட்டக் கூடாது என்பது விதி. இவர் முகத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு விதி!

போன மாதம் மாவட்ட இறுதி ஆட்டம். அவருடைய மகள் ஜீவிதாவின் அணி ஆடியது. ஜெயித்தால் மாநிலப் போட்டி. பதினேழு வயதுப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம், விட்டால் விட்டதுதான். பிளேட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டிய அம்பயருக்கு அன்று காலையில் காய்ச்சல். இரண்டு கோச்சுகளும், "கைலாசம் சார்தானே, நிக்கட்டும்" என்றார்கள். வீட்டில் மனைவி தேவகிதான், "பொண்ணு ஆடற ஆட்டத்துல போய் நிக்காதீங்க. அப்பால ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்குவீங்க" என்றாள்.

அப்படியேதான் நடந்தது. அடிக்க வேண்டிய பந்தை மூன்றாவது தடவையும் விட்டாளென்று ஜீவிதாவை ஸ்டிரைக் அவுட் கொடுத்தபோது, பெத்த மகளென்றுகூடப் பார்க்கவில்லையே என்று ஒரு பக்கம் திட்டியது. அவள் அணிக்குச் சாதகமாக ஒன்று சொன்னபோது மறுபக்கம் ஊளையிட்டது. கைலாசம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசிப் பகுதியில் இரண்டு அணியும் சமம். எதிரணியான ஏனாத்தூர்ப் பக்கத்து அணி மட்டை பிடித்தது. அவர்களுடைய கலைவாணி இரண்டாவது பேஸில் நின்றாள். அடுத்து வந்த பொன்னி ஓங்கி அடித்ததில் பந்து இடப்பக்கம் வெகுதூரம் ஓடியது. கலைவாணி பறந்தாள். மூன்றாவது பேஸில் காவல் ஜீவிதா. பந்து எங்கே என்று அவள் திரும்பி நின்ற நேரத்தில், கலைவாணி அவள் முதுகுக்குப் பின்னால் ஓடிக் கடந்து, பிளேட்டை மிதித்து ஜெயிக்கிற ரன்னை எடுத்துவிட்டாள். பந்து அதற்குப் பிறகுதான் ஜீவிதாவின் கைக்கு வந்து சேர்ந்தது.

முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் கைலாசம். கலைவாணியின் கால் மூன்றாவது பேஸில் படவில்லை. திண்டுக்கு உட்புறம் மண்ணில்தான் ஊன்றியது. பட்டப்பகலில், பளிச்சென்று தெரிந்தது.

ஏனாத்தூர்ப் பிள்ளைகள் குதித்துக் கூத்தாடின. ஜீவிதா பந்தோடு அங்கேயே நின்றாள். குனிந்து பேஸைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

கேளுடி என் கண்ணே, ஒரு வார்த்தை கேளு என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தில் அது வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சட்டென்று முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஜீவிதா கொஞ்ச நேரம் தயங்கினாள். "வாங்கம்மா, போய் கை குடுங்க" என்று அவளுடைய கோச் நசீருதீன் சார் கூப்பிட்டார். பந்தைக் கீழே போட்டுவிட்டு அவளும் மற்றவர்களோடு எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே நடந்தாள். கடைசிப் பெண் வெளியே போகும்வரை நின்றுவிட்டு, கைலாசம் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றார்கள்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"ஆட்டம் முடிஞ்சப்புறம் எதுக்கு முகமூடிய மாட்டிக்கினே?"

வெயில் என்று சொல்லியிருக்கலாம். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை சமாளிப்புச் சமாளிக்கிறவர்! வாய் வரவில்லை.

"என் மூஞ்சி உன்னாண்ட சொல்லிடும்னுதாம்மா."

ரயில் கடந்து போயிற்று.

"மிதிக்கலதானே? எனக்கும் சந்தேகமாதான் இருந்துது. திண்டுல கால் விழற சத்தமே கேக்கல. அதான் உன்ன பாத்தேன்."

"மிதிக்கல."

"நான் கேட்டிருந்தா?"

"அந்த நிமிஷமே அவுட் குடுத்திருப்பேன்."

கேட் மேலே ஏறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஜீவிதா நெற்றியை அவர் முதுகில் வைத்துக்கொண்டாள். சட்டை நனைவது அவருக்குத் தெரிந்தது.

"பந்து என் கையிலதாம்பா இருந்துது" என்றாள்.