பொகவந்தலாவைக்குப் போன பல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு வட்டகொடை ஸ்டேஷனில் ஹட்டனுக்கு இரண்டு மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கினேன். உடன் வந்தவள் ராக்காயி. நான் படிப்பிக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் மடியில் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பல் இருந்தது.

ஏழாம் நம்பர் தேயிலை மலையில், மழைக்கு வடிகால் கானின் கரை சரிந்த இடத்தில் அவள் கண்டெடுத்தது. அரைப் பூசணி அளவு. ஐந்து றாத்தல் தேறும். மேற்புறம் கொத்திய அம்மிபோல வரிவரியாக மேடுகள். அதை அவள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுவந்த வாரம் அடுத்த காம்பரா வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பேய்ப் பல் என்று பேச்சு கிளம்பியது. தண்ணீர்ப் பீலியில் அவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டார்கள்.

"ஆற்றில் போட்டுவிடேன்" என்று நானும் சொன்னேன்.

"போட்டா, நான் பேயத்தான் வச்சிருந்தேன்னு ஆயிருங்க டீச்சர். இது என்னான்னு தெரிஞ்சாகணும்."

பொகவந்தலாவைக்கு அப்பால் காதர் நானா என்ற பழைய மாணிக்க வியாபாரி, இரத்தினபுரியில் கல் தோண்டும் குழிகளில் கிடைத்த எலும்புகளை வைத்து ஒரு மியூசியம் நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பயணம்.

சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டில் ராக்காயி சாக்கை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். ஹட்டனில் எட்டரை மணி பஸ். பஸ்கள் அரசாங்கத்துக்கு மாறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டிக்கெட் எழுபத்தைந்து சதம், தூரம் பதினாறு மைல். நோர்வுட் தாண்டிச் சில மைல் போனதும் பஸ் நின்றது. பாதை முழுவதும் மண் சரிந்து கிடந்தது.

"இன்னும் நாலு மைல் இருக்கு. இதே பஸ்ல திரும்பிருங்க" என்றார் கண்டக்டர்.

நான் ராக்காயியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே இறங்கி, மழைக்குக் கொங்காணிக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மழையில் நடந்தோம். அட்டைகளைப் பிடுங்கிப் போட்டபடி, பல்லை மாற்றி மாற்றிச் சுமந்தோம். ஊரைக் கடந்து பலாங்கொடைப் பக்கம் ஏறும் பாதையில் தகரக் கூரை வீடு ஒன்று. பன்னிரண்டரை மணிக்குக் கதவைத் தட்டினோம்.

"உள்ளுக்கு வாங்க, நல்லா நனைஞ்சிட்டீங்களே" என்றார் காதர் நானா. எழுபது வயதிருக்கும்.

மியூசியம் என்பது ஒரே அறை. பலகைத் தட்டுகளில் நீர்யானைப் பற்கள், காண்டாமிருகத்தின் தாடை, சிங்கத்தின் ஒற்றைப் பல். இந்தத் தீவில் இவையெல்லாம் திரிந்தனவா என்று நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். வகுப்பில் நான் படம் காட்டிய டைனோசர் இருக்கிறதா என்று கேட்டேன். "அது இங்க இதுவரைக்கும் கிடைக்கல்ல" என்றார் அவர்.

ராக்காயி சாக்கைப் பிரித்தாள். அவர் பல்லை விரல் முட்டியால் தட்டினார். பிறகு தட்டிலிருந்த நீர்யானைப் பல்லைத் தட்டிக் காட்டினார்; அதில் கல்லின் சத்தம் கேட்டது. எங்கள் பல் மந்தமாக ஒலித்தது. "இது இன்னும் கல்லாகல்ல" என்றவர் தட்டிலிருந்து இன்னொரு பல்லை எடுத்து அருகில் வைத்தார். வரிக்கு வரி பொருந்தியது.

"யானைட கடைவாய்ப் பல்லு தங்கச்சி. நூறு வருஷமாவது இருக்கும். அந்தக் காலத்துல இந்த மலையெல்லாம் யானைக் காடுதான். தோட்டம் போட வந்த தொரைமார் சுட்டே முடிச்சாங்க."

ராக்காயி பல்லைத் திரும்பத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எங்க பாட்டன் காடு வெட்ட வந்தவருங்க. அவரு இந்த யானைய உசுரோட பார்த்திருப்பாரு."

"இங்க வச்சிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் அவர்.

"கொண்டாந்து தாரேன். மொதல்ல லயத்துல காட்டணும். ஒரு துண்டு எழுதிக் குடுங்க."

அவர் தமிழில் எழுதினார்: யானைப் பல். கண்டெடுத்தவர் ராக்காயி.

மறுநாள் விடியற்காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பேர் கூப்பிடுமுன், அவள் பல்லைக் கல்லின்மேல் வைத்து எல்லோரையும் பார்த்தாள். "யானைப் பல்லு. தொட்டுப் பாருங்க." முதலில் ஒருவரும் அசையவில்லை. காய்ச்சல் தணிந்த அந்தக் குழந்தையின் தாய்தான் முன்னால் வந்து, வரிகளின்மேல் விரல் ஓட்டினாள். பிறகு வரிசையாக வந்தார்கள்.

இரண்டு ஞாயிறு கழித்து ராக்காயி பல்லை மியூசியத்தில் சேர்த்துவிட்டு வந்தாள். அவள் புறப்பட்டபோது துணைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தேன்.

"வேணாங்க டீச்சர். எனக்கு வழி தெரியும்."