ஞானசுந்தரி வேகவைத்த முட்டைகள்

என் அக்கா ஞானசுந்தரி உத்திரமேரூர்ப் பக்கத்து வயல்களில் இருபத்தாறு வருஷம் நாற்று நட்டவள். இரண்டு மாடும் வளர்த்தாள். அந்தப் பாலை விற்றுத்தான் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவைத்தாள். நான் நெதர்லாந்தில் வேலைக்கு வந்த நாலாம் வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. கம்பெனியில் கேட்டு, ரத்தத்தைக் கழுவும் டயாலிசிஸ் ஃபில்டர்களைச் சோதிக்கும் பிரிவுக்கு மாறினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

செவ்வாயும் வெள்ளியும் அக்காவின் கணவர் சாமுவேல் மாமா அவளைப் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போவார். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வருவாள். அவள் வீடு திரும்பும் நேரம் இங்கே மதியச் சாப்பாட்டு வேளை. அவள் போனை எடுக்கத் தாமதித்தால் எனக்குச் சோறு இறங்காது.

மாமா தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். பரிசோதனையில் பொருந்தியும்விட்டது. டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: அக்காவின் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு, அது மூன்றரையைத் தாண்டட்டும், ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம். தினம் மூன்று முட்டை, வெள்ளைக்கரு மட்டும். வீட்டில் எட்டுக் கோழி. அக்கா வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை மாமாவுக்குக் கொடுத்தாள். பிப்ரவரியில் மூன்று புள்ளி மூன்று வந்தது.

அவளை வாட்டியது நமைச்சல்தான். மெஷினிலிருந்து இறங்கிய அன்றும் விடாது. சீப்பால் முதுகைச் சொறிந்து சொறிந்து ஜாக்கெட்டில் ரத்தத் திட்டு. அந்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள்:

"நாலு மணி நேரம் ரத்தத்த கழுவுறாங்களே ஜான்சா, அப்புறம் இன்னாத்துக்கு இப்புடி அரிக்குது?"

அன்றைக்கு எங்கள் புது ஃபில்டர் முதல் தடவையாக நல்ல முடிவு காட்டியிருந்தது. அந்தக் குஷியில், அவளுக்குப் புரியட்டும் என்று மாட்டை வைத்துச் சொன்னேன். சில விஷங்கள் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. மாட்டின் மேல் உண்ணி மாதிரி ஆல்புமின் புரதத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். ஃபில்டரின் ஓட்டை சின்னது, மாடு அதில் நுழையாது. அதனால் உண்ணியும் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஃபில்டருக்குள் கரி போல ஒன்றை வைத்து உண்ணியை மட்டும் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

அந்த ஃபில்டர் எப்போது ஊருக்கு வரும் என்று கேட்டாள். அஞ்சாறு வருஷம் ஆகலாம் என்றேன்.

"அதுக்குள்ள நான் சொறிஞ்சே தேஞ்சி பூடுவேன்" என்று சிரித்தாள்.

மார்ச்சில் ஆல்புமின் மூன்றுக்கு இறங்கியது. மே மாதம் இரண்டு புள்ளி ஏழு. ஒவ்வொரு போனிலும் முட்டையைப் பற்றிக் கேட்டேன். "தெனம் மூணு வேவிக்கிறேன்டா. சர்ச்சுல வந்து சாட்சி சொல்லணுமா?" என்பாள். பொய் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது.

ஜூனில் மெஷின் ஊசி குத்தும் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்களாம். மூன்றே நாள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கல்லறை மண் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை மாமா மூன்று முட்டை வேகவைத்து என் முன்னால் வைத்தார்.

"தின்னு மச்சான். எனக்கு அலுத்துப் போச்சி. உங்க அக்கா நாலு மாசமா மூணையும் எனக்கேதான் குடுத்தா."

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியபோது முட்டையை விட்டாளாம். நோன்பு என்று மாமாவும் நினைத்திருக்கிறார். ஈஸ்டர் முடிந்தும் தட்டு அவர் பக்கம்தான் வந்தது. கேட்டால், கிட்னி கொடுக்கப்போவது நீ, நீ தின்னு, நான் சும்மா படுத்துக்கொண்டு வாங்கப்போகிறவள்தானே என்று கேலி செய்வாளாம்.

"ஒரு நாள் சண்ட புடிச்சேன். அப்பதான் சொன்னா. 'உண்ணி ஒட்ட மாடு வோணும். மாடே இல்லன்னா எங்க போய் ஒட்டும்? ஜான்சனே சொன்னான்'னா. படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் உட்டுட்டேன். அரிப்புகூட கொஞ்சம் கொறஞ்சாப்பல இருந்திச்சி மச்சான்."

அவள் கணக்கில் பாதி சரி. ஒட்ட இடமில்லாத விஷம்தான் மெஷினில் சுலபமாக வெளியேறும். ஆனால் அந்த மாடுதான் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது, அதை ஒரு பிடியும் குறைக்கக் கூடாது என்ற மறு பாதியை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மாமாவிடம் அதை மறைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது, அவருடையதில்லை என்றேன். கடைசி வரை கேட்டார். கையில் பாதி உரித்த முட்டை இருந்தது.

"அப்ப நான் தின்னது பூரா அவ தின்ன வேண்டியதா?"

அவர் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.