ஓடிக்கொண்டே வாசித்த பெயர்கள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தநாளுக்குக் கேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரேடியோவில் வாழ்த்து வர வேண்டும். வாழ்த்துவோர் பட்டியலில் ஒரு உறவு விடுபட்டால் போதும், அடுத்த கல்யாணம் வரைக்கும் அந்த வீட்டு வாசலில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது. அதனால் மகளுக்கு ஏழு வயது நிறைந்த அன்று, இருபத்துமூன்று பேரைக் கொப்பித் தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பெற்றவள் அடக்கமாக இருக்க வேண்டாமா? என் பெயரைக் கடைசியில் போட்டிருந்தேன்.

அவர் தெஹியோவிட்ட டவுனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் த்ரீவீலர்காரர். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ரப்பர் ஸ்டோரைத் தாண்டி, தோட்டத்து வழி பஸ் ரோட்டில் சேரும் வளைவில்தான் கிடைக்கும். போன் கம்பெனிக்காரன் தேடித்தேடி, இருப்பதிலேயே ஆபத்தான இடத்துக்கு அந்த வரத்தைக் கொடுத்திருக்கிறான். ஏழு மணிக்கு அங்கே வண்டியை ஓரங்கட்டி நிற்பது, ரேடியோவிலிருந்து அழைத்ததும் பட்டியலை வாசிப்பது என்று ஏற்பாடு. பின்னால் மகளும் இன்னும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள்.

நான் வீட்டில் ரேடியோவை உரக்க வைத்துக் காத்திருந்தேன். ஏழு மணிக்கு அறிவிப்பாளர் ஸ்டூடியோவுக்கே வந்து சேரவில்லை.

“நேயர்களே, இன்னும் வழியிலதான் இருக்கேன். ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில போன். உங்களுக்காக எவ்வளவு ரிஸ்க் எடுக்கிறேன் பாருங்க.”

என்னே தியாகம். சிலை வைக்காததுதான் குறை.

இருபது நிமிடம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்காரரை அழைத்தார்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“வளைவுல நிப்பாட்டியிருக்கேங்க. பிள்ளைகளுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு.”

“நிப்பாட்டிட்டுப் பேசுனா என்னண்ணே த்ரில்? நானே ஓட்டிக்கிட்டுதான் பேசுறேன். நீங்களும் ஓடிக்கிட்டே சொல்லுங்க.”

“மெதுவா போங்க” என்று நான் பத்து வருடமாகச் சொல்வதைக் காதில் வாங்காத மனிதர், முகம் தெரியாத ஒருவர் சொன்னதும் வண்டியைக் கிளப்பிவிட்டார். எஞ்சின் சத்தம் ரேடியோவிலேயே கேட்டது. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில், பட்டியல் இடது கையில் இருந்திருக்கும். மிச்சத்தை எங்கள் தோட்டத்து மாரியம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“தாத்தா, அம்மாயி, அவிசாவளை மாமா, ஓப்பநாயக்க சித்தி...” நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தொன்பதாவது ஆளில் ஒரு பஸ் ஹோர்ன், டமார் என்று ஒரு சத்தம், பிள்ளைகளின் கத்தல். அதோடு லைன் அறுந்தது.

“அண்ணனுக்கு சிக்னல் போயிருச்சு போல,” என்று சிரித்தார் அறிவிப்பாளர். “பரவாயில்ல, பாப்பாவுக்காக ஒரு பாட்டு.”

நான் போய்ச் சேர்ந்தபோது த்ரீவீலர் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்து கிடந்தது. நாலு பிள்ளைகளுக்குச் சிராய்ப்புதான். என் மகளுக்கு இரும்புக் கம்பியில் அடிபட்டு உதட்டுக்குக் கீழே நாடி பிளந்திருந்தது. மோதாமல் பிரேக் போட்ட பஸ் டிரைவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, “பிஸ்ஸுத, பிஸ்ஸுத?” என்று எங்கள் வீட்டுக்காரரைச் சிங்களத்தில் திட்டினார். பைத்தியமா என்று கேட்பதைத் தவிர அந்த மனிதர் வேறு என்னதான் கேட்பார்? தன் பஸ்ஸிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஐந்து தையல் போட்டார்கள்.

அடுத்த வாரம் பாட்டுக்கு நடுவே அதே குரல், “வாகனம் ஓட்டும்போது தொலைபேசியைத் தவிருங்கள்” என்று உருகியது. சாத்தான் வேதம் ஓதியது. கட்டையில போறவன் என்று நான் வாய் வலிக்கத் திட்டினேன். லயமே என் பக்கம் நின்றது. கேட்டவர்களிடமெல்லாம், சத்தம் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன் என்று சொன்னேன்.

செருப்புப் போடாதது உண்மை. கேட்டதும் ஓடியதுதான் பொய். அந்தப் பாட்டு முடியும் வரைக்கும் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். லைன் திரும்பக் கிடைத்தால் மிச்ச நாலு பேரையும் வாசிப்பாரே, கடைசியாக என் பெயர் வருமே என்று நின்றேன்.

இப்போதும் மகள் தலை சீவக் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் நாடியில் இருக்கும் தழும்பைத் தடவிப் பார்த்து, “எல்லாம் அந்த ரேடியோக்காரனாலதான்மா” என்பாள். ஆமாம்டி என்று நானும் சேர்ந்து திட்டுகிறேன்.