ஆறு கோர் கம்ப்யூட்டரும் கடைசி இலக்கமும்

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். தசமப் புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டாவது இலக்கம் நேற்று ஏழாக இருந்தது, இன்று எப்படி ஒன்பதானது என்று கேட்டு ஒரு கூட்டத்தையே நிறுத்தியவள் அவள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னம்மா?" என்றார் தலைமைப் பொறியாளர். வெள்ளத்தை அளக்கிற அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பழமொழியைச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆறு முழுக்க எங்கெங்கே எவ்வளவு தண்ணீர் என்று பல கோடி எண்களைக் கூட்ட வேண்டும். அதற்காகக் கணினிக்குள் இருக்கும் நான்கு, எட்டு, பதினாறு கோர்களுக்கு, அதாவது அத்தனை வேலையாட்களுக்கு, எண்களைப் பிரித்துக் கொடுத்து ஒரே சமயத்தில் கூட்டச் சொல்வார்கள். வேகமாக முடியும். ஆனால் கணினி ஒவ்வொரு கூட்டலிலும் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடும். எந்த வரிசையில் கூட்டினோமோ அதற்கேற்ப நறுக்கலும் மாறும். அதனால் அதே ஆறு, அதே எண்கள், ஆனால் கணினிக்கு ஒரு விடை. "ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் சொல்றவனை நம்ம என்னன்னு சொல்லுவோம்?" என்று அவள் கூட்டத்தில் கேட்டாள்.

மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் விடவில்லை. ஆறு வருடம், அலுவலகத்துக்கு மற்றவர்கள் வருவதற்கு முன் இரண்டு மணி நேரம், ஒரு லைப்ரரி எழுதினாள். பெரிய கணக்குகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்துதரும் நிரல் தொகுப்பு அது. அதன் முதல் பக்கத்தில் முதல் வரி: "எத்தனை கோர் இருந்தாலும் கடைசி இலக்கம்வரை ஒரே விடை." இதை ஓப்பன் சோர்ஸாக, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்த்துத் திருத்திச் சும்மா பயன்படுத்திக்கொள்ளும்படி, உலகத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

தலைமைப் பொறியாளர் பழமொழி சொன்னாலும் நல்ல மனுஷன். மேலிடத்தில் இரண்டு வருடம் நடையாய் நடந்து அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். கடிதம் வந்து மூன்று மாதம் ஆகியும் புள்ளியம்மா வெளியிடவில்லை. இன்னும் ஒரு சோதனை, இன்னும் ஒரு வாரம் என்று ஆறப்போட்டுக்கொண்டே இருந்தாள். பயம்தான், வேறொன்றுமில்லை. முதல் வரியில் அத்தனை பெரிய வாக்கைக் கொடுத்துவிட்டு ஊர் உலகத்துக்கு முன்னால் மூக்குடைபட்டால்? இதற்குள் அவர் ஓய்வு பெறும் நாளே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரைதான் அவர் கையெழுத்து செல்லும். அடுத்து வருபவர் இப்போதே சொல்லிவிட்டார், "நம்ம செஞ்சதை ஊருக்கு எதுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கணும்?" என்று. வெள்ளியை விட்டால் ஆறு வருட உழைப்பு அலுவலகப் பூட்டுக்குள் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அவளும் அக்காவும்தான். அக்காவுக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை, அன்று மதியத்துக்கு மேல்தான் ஷிப்ட். பகலெல்லாம் பஸ் ஓட்டியது போதாதென்று வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவாள். அதற்கென்றே ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி, பச்சை விளக்கெல்லாம் எரிகிற ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று புள்ளியம்மா தன் சோதனையை அதிலும் ஒருமுறை ஓடவிட்டாள்.

விடை வந்தது. கடைசி இலக்கம் வேறு.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே தப்பான இலக்கம். "அக்கா, உன் கம்ப்யூட்டர்ல எத்தனை கோர்?"

"ஆறுன்னு கடைக்காரன் சொன்னான். ஏன், ஒண்ணைத் தொலைச்சிட்டியா?"

ஆறு! புள்ளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எந்தக் கணினிக்காரரையாவது நிறுத்தி ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள், பதினாறு என்பார், இல்லாவிட்டால் அறுபத்துநான்கு. அவர்கள் எண்ணுவதே அப்படித்தான், ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. அவளும் ஆறு வருடமாக அந்த எண்களை வைத்தே சோதித்திருக்கிறாள். எண்களைப் பாதிப் பாதியாக வெட்டிக் கூட்டுவது அவள் முறை. நாலு பேரானாலும் எட்டு பேரானாலும் வெட்டு ஒரே இடத்தில் விழும், விடையும் மாறாது. ஆறு பேர் என்றால் வெட்டு தள்ளி விழுகிறது. சந்தையில் பாதிக் கம்ப்யூட்டர் ஆறும் பத்தும் பன்னிரண்டுமாக விற்கிறது என்று தெரிந்தும் ஒருநாள்கூட அவளுக்கு அது உறைக்கவில்லை.

"அவ்வளவுதான்க்கா. இதை வெளியிட முடியாது. போச்சு."

அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அழறதை அப்புறம் வச்சுக்க. என்ன பிரச்சினைன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள். புள்ளியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். எத்தனை கோர் வருகிறதோ அத்தனை துண்டாக வேலையை வெட்டுகிறேன், அங்கேதான் கோளாறு.

"வர்ற ஆளை எண்ணிப் பார்த்துட்டா வேலையை வெட்டுவ?" அக்காவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "எங்க டிப்போவுல நாப்பது ட்ரிப்னா முன்னாடியே நாப்பதா வெட்டி எழுதி மாட்டியிருப்பாங்க. அன்னிக்கு ஆறு டிரைவர் வந்தாலும் எட்டு டிரைவர் வந்தாலும் ட்ரிப் அதேதான். கை காலியானவன் அடுத்ததை எடுத்துட்டுப் போவான். ஆளுக்குத் தகுந்தபடி ட்ரிப்பை வெட்டினா ஊர்ல ஒருத்தன் வீடு போய்ச் சேர மாட்டான்டி."

புள்ளியம்மாவுக்குக் கோபம் வந்தது. "இதை ஆறு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

டிப்போ மாதிரியே எண்களை எப்போதும் ஆயிரத்து இருபத்துநான்கு துண்டாக வெட்டுவது, எந்தக் கோர் எடுத்துச் செய்தாலும் துண்டுகளின் விடைகளை எழுதி மாட்டிய வரிசையிலேயே சேர்ப்பது. மாற்ற வேண்டியது மொத்தம் நாற்பது வரிதான். பன்னிரண்டு மணிக்குள் எழுதி முடித்தாள். வேகம் நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தது. போனால் போகட்டும் என்று விட்டாள். பிறகு ஒரு கோர், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதின்மூன்று என்று வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் கொடுத்துச் சோதித்தாள். மூன்று மணிக்கு எல்லாம் ஒரே விடை. அக்காவின் பஸ்ஸிலேயே முன் இருக்கையில் ஏறி அலுவலகம் போனாள். இரண்டு நிறுத்தத்தில் அக்கா வேண்டுமென்றே ஹாரன் அடித்தாள்.

தலைமைப் பொறியாளர் அறையில் மேசை காலியாகியிருந்தது. அவர் சம்மதம் என்று கணினித் திரையில் ஒரு பெட்டியை அழுத்த வேண்டும், பிறகு அவள் வெளியிட வேண்டும். அவர் உடனே அழுத்திவிட்டார். அவள் விரல் நின்றது. மணி நாலே முக்கால்.

"இன்னும் ஏதாவது தப்பு இருந்தா சார்?"

"இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தானேம்மா வெளியில விடுறோம். நீ ஒருத்தியே எத்தனை கம்ப்யூட்டரைத் தேடிப் போவ?"

காலையில் சாப்பாட்டு மேசையில் பட்ட அவமானம் அவளுக்கு நினைவு வந்தது. அது ஒன்றும் ஆளைக் கொன்றுவிடவில்லை. அழுத்துவதற்கு முன், முதல் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "உங்கள் கணினியில் சோதனையை ஓட்டி, எத்தனை கோர், என்ன விடை என்று இங்கே எழுதுங்கள். மாறியிருந்தால் தயவுசெய்து கட்டாயம் எழுதுங்கள்." பிறகு அழுத்தினாள். அவர் கை தட்டினார், ஒரே ஆளாக.

சனிக்கிழமை முழுக்க ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை முதல் ஆள் வந்தான். பத்து கோர். கீழே நீளமாக ஒரு எண். புள்ளியம்மா விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தாள். சரி. மதியத்துக்குள் இன்னும் நாலு பேர். நட்சத்திர ஆராய்ச்சி செய்கிற ஒருவர், கப்பல் வடிவமைக்கிற ஒரு பெண், தொழிலே சொல்லாத இரண்டு பேர். இருபத்துநாலு கோர், மூன்று கோர், தொண்ணூற்றாறு, ஆறு. திங்கள் மாலை பதினேழு பேர் ஆகியிருந்தார்கள். அக்கா வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள், கோர் எத்தனை, விடை என்ன, கடைசி இலக்கம்வரை.

ஐந்தாவது ஆளிலேயே அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாம் ஒரே நம்பர்தானேடி? இதுல என்ன இருக்குன்னு திருப்பித் திருப்பிப் படிக்கிற?"

"அதுதான்க்கா" என்றாள் புள்ளியம்மா. சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறாவது ஆளுடையதைப் படித்தாள்.