விசில்காரர் போட்ட சைபர்

மலைக்காட்டில் பறவை எண்ணும் வேலையில் இருந்தவரை எல்லோரும் விசில்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பறவை பாடினாலும் அதே மாதிரி விசிலடிப்பார். பறவையும் ஏமாந்துபோய்ப் பக்கத்துக் கிளைக்கு வந்து உட்காரும்.

"மச்சானுக்கு எங்க அக்காகிட்டப் பேச நேரமில்ல, குருவிகிட்ட மட்டும் ஊர்க்கதையெல்லாம் பேசுவாரு" என்று மைத்துனன் கேலி செய்வான். வனத்துறை விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, வாய்க்குள்ளேயே சிரித்துக்கொள்வாள்.

அவருக்கு உயிர் காட்டுப் பூங்குயில். மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது. புள்ளியில்லாத பழுப்பு முதுகு, வெள்ளை நெஞ்சு நிறையக் கறுப்புப் பிறைகள். தரையில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் உயரத்தில், அச்சு அசலாக அதே சாயலில் இன்னொன்று இருப்பதும், அது அவ்வப்போது கீழே காட்டுக்குள் இறங்கி வருவதும்தான் தொல்லை.

"பாறைக்காரன் தொண்டை கட்டினவன் மாதிரி கரகரன்னு இழுப்பான். நம்மாளு அப்படியில்ல, மெல்லிசான குரலு. முடிக்கிறப்ப ஊசி மாதிரி ஒண்ணு வரும் பாரு, அதான் அடையாளம்" என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால், பாடுகிறதை மட்டும்தான் எண்ண வேண்டும் என்பது ஆபீஸ் விதி.

போன வருடம் அவர் விசிலில் அந்த ஊசிமுனை காணாமல் போயிற்று. பல் விழுந்ததால் இருக்கும் என்று அவள் நினைத்தாள். இந்த வருடம் பறவைகள் அவர் விசிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டன.

"காட்ட விட்டே போயிருச்சுடி" என்று ஒரு மாலை வந்து சுருண்டு உட்கார்ந்தார். எட்டு நாள் விடியலில் போய் நின்றும் ஒரு குரல்கூட இல்லையாம். எண்ணிக்கைத் தாளில் காட்டுப் பூங்குயிலுக்கு நேராக சைபர் போட்டிருந்தார். அந்தப் பறவை இல்லாத சரிவில் மரம் வெட்டத் தடை கிடையாது. வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்தாக வேண்டும்.

மடித்துக்கொண்டிருந்த சட்டை அவள் கையிலேயே நின்றது. அன்று காலைகூட வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாடின. அவர் அவளுக்குப் பக்கத்தில் நின்றுதான் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் கேட்கிறதே, மெல்லிசான சத்தம் மட்டும் போய்விட்டதா?

மூன்று நாள் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவார். சொல்லாவிட்டால் சரிவு மொட்டையாகிவிடும். வியாழக்கிழமை விடியலில், "நானும் வர்றேங்க" என்றாள்.

"என்ன, மழை கிழை வரப்போகுதா?" என்று சிரித்தார்.

ஓடைக்கரையில் விழுந்து கிடந்த மரத்தின் மேல் அது உட்கார்ந்திருந்தது. பைனாகுலரை எடுத்தார்.

"ஒருத்தன் இருக்கான். யாருன்னு எப்படிச் சொல்றது? வாயத் திறந்தாத்தானே..."

பைனாகுலருக்குள் அலகு திறந்து திறந்து மூடியது. தொண்டை இறகுகள் துடித்தன. அவர் கையை இறக்கவே இல்லை.

"பாடுதா?"

அவள் தலையாட்டினாள். அவர் பார்க்கவில்லை என்று தெரிந்து, "ஆமாங்க" என்றாள்.

"எவ்வளவு நேரமா?"

"நாம வந்ததுலேருந்து."

"அந்த ஊசி?"

"வருதுங்க."

ஈரக்கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நன்றாக வெயில் ஏறிய பிறகு, "மொத்தம் எத்தனை கேக்குது?" என்றார். நாலு என்றாள். சைபரை அடித்துவிட்டு நாலு என்று எழுதினார்.

காது போன விஷயத்தை ஆபீசில் அவரே சொன்னார். சரிவில் கோடாரி விழவில்லை. பைனாகுலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இப்போதும் இருட்டு பிரியும்போதே எழுந்து, படியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டு கேட்டால் அவள் முகத்தில் ஏதோ தெரிந்துவிடுகிறதுபோல. தனக்குக் கேட்காததை அவர் அதில் பார்த்து ஏங்கக் கூடாதென்று, அந்த நேரத்தில் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.